எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளைகள்

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஒன்பதுக்கு வேறு ஊரில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் உள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கோடை விடுமுறை மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு நடுவே ஏழெட்டு கிலோமீட்டர் தூரம், காலையில் ஒரே ஒரு பஸ், புதுச் சீருடைக்கான செலவு, அறிமுகமில்லாத ஆசிரியர்கள், வீட்டில் ஒரு பெரிய பேச்சுவார்த்தை எல்லாம் இருக்கின்றன. நடுநிலைப் பள்ளி மட்டுமே உள்ள எந்தக் கிராமத்துக்கும் இது பொருந்தும் என்பதால், பல ஆண்டுகளாகப் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து இதைத் திட்டமிட்டதில் கற்றவற்றை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குமானது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் பள்ளிக்குக் கொண்டுவர எங்களுக்கு அந்தச் சட்டத்தின் பலம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016 திருத்தத்துக்குப் பிறகு, பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஒரே வயதில் பள்ளியின் பிடி தளர்கிறது, வேலைக்கான வாசலும் திறக்கிறது. அந்த வயதில்தான் எங்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடிக்கிறார்கள். ஆகவே இந்த இடைவெளியை யாராவது கையால் பிடித்துக் கடத்திவிட வேண்டியிருக்கிறது. அதை ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் முடிவு எடுக்கப்படும் காலம் பொங்கல். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அண்ணன்மார்கள் பொங்கலுக்கு வருவார்கள். மாமன், சித்தப்பா எல்லோரும் கூடுவார்கள். பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். "இவன் இந்த வருடத்தோடு முடிக்கிறான், அப்புறம் என்ன செய்யலாம்?" என்ற பேச்சு அந்தச் சில நாட்களில்தான் எழுகிறது. அதனால் பொங்கலுக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தை முடித்துவிடுகிறோம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, தேவைப்படும் வீடுகளுக்குப் போகிறோம்.

வீட்டுக்குப் போகும்போது யாரிடம் பேசுகிறோம் என்பது முக்கியம். பள்ளிக் கூட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் அம்மா. ஆனால் பல வீடுகளில் முடிவு எடுப்பவர் பாட்டியாகவோ, பணம் அனுப்பும் மூத்த மகனாகவோ, தாய்மாமனாகவோ இருப்பார். அம்மா தலையாட்டிவிட்டுப் போன பிறகு அவர்கள் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். அதனால் "உங்கள் வீட்டில் இதை யாரோடு பேச வேண்டும் அம்மா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

"பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புவீர்களா?" என்று நான் கேட்பதே இல்லை. அதற்கு "பார்க்கலாம் டீச்சர்" என்றுதான் பதில் வரும், பேச்சும் அங்கேயே நின்றுவிடும். "எந்தப் பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்கள்? எந்த பஸ்ஸில் போவாள்? கூட யார் போவார்கள்?" என்று கேட்டால் உண்மையான தயக்கம் வெளியே வரும். "சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டால் இருட்டிவிடுமே" என்பார் அப்பா. "தைக்கக் கொடுக்கக் காசு ஜூன் மாதத்தில் எங்கே இருக்கும்?" என்பார் அம்மா. படிப்பு வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை நான் பார்த்தது மிகக் குறைவு. பஸ்ஸும் சீருடையும் துணையும்தான் அவர்களைத் தடுக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

தூரமும் பஸ்ஸும்

வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி, 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அரசு வைத்திருக்கும் அளவு. மலையடிவார ஊர்களில் அந்த 5 கிலோமீட்டர் பல நேரம் 7 ஆகவோ 9 ஆகவோ நீண்டுவிடுகிறது. இதில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. அரசின் விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குத் தூரம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. மிதிவண்டி மிகவும் தேவைப்படும் இரண்டு ஆண்டுகளில் அது கையில் இல்லை. நடுநிலைப் பள்ளி மட்டும் உள்ள ஊர்களுக்காவது ஒன்பதிலேயே கொடுக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கிறோம்.

அதுவரை வேறு ஒரு வழி வைத்திருக்கிறோம். பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போன முன்னாள் மாணவர்களின் வீடுகளில் அந்த மிதிவண்டிகள் திண்ணையோரம் நிற்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அவர்களிடம் கேட்டு வாங்கி, டயரும் பிரேக்கும் மாற்றி, ஒன்பதுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பழுது பார்க்கும் செலவை ஊரில் யாராவது ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்டால் கொடுக்க மனமுள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, பள்ளி திறப்பதற்கு முன்பே பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு ஒருமுறை அதே நேரத்து பஸ்ஸில் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியில் போய்ப் பள்ளியைக் காட்டிவிட்டு வருவது போதாது. காலை 8 மணி டவுன் பஸ்ஸில் நிற்க இடம் இருக்கிறதா, இறங்கும் இடத்திலிருந்து பள்ளிவாசலுக்கு எவ்வளவு நடக்க வேண்டும், நடுவில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா, மாலையில் பள்ளி விட்டதும் எந்த பஸ், சிறப்பு வகுப்பு வைத்தால் எந்த பஸ், அதையும் விட்டுவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்பதையெல்லாம் அந்தப் பயணத்திலேயே பேசி முடித்துவிடலாம். ஊரில் உள்ள ஒரு ஷேர் ஆட்டோக்காரரின் எண்ணும், பள்ளிக்கு அருகில் இருக்கும் ஓர் உறவினரின் எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசு பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஆனால் புது பஸ் பாஸ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சீருடையையோ பழைய பாஸையோ காட்டினால் போதும் என்பதுதான் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை. எங்கள் பிள்ளைகளிடம் பழைய பாஸ் இருக்காது, உள்ளூரிலேயே படித்தவர்கள். அதனால் முதல் நாளிலிருந்தே சீருடையில் போவது அவர்களுக்கு அவசியம். பஸ் நேரம் பள்ளி நேரத்தோடு ஒத்துவரவில்லை என்றால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். எத்தனை பிள்ளைகள், எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று எழுதி, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தையும் வாங்கி, மே மாதத்திலேயே கொடுத்தோம். பஸ் பத்து நிமிடம் முன்னதாக வரத் தொடங்கியது. அந்தப் பத்து நிமிடத்தால் பிள்ளைகள் காலை வழிபாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சீருடைக்கு ஒரு வார்த்தை. சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைதான் விலையில்லாச் சீருடை. ஒன்பதில் நாமே துணி எடுத்துத் தைக்க வேண்டும், நிறமும் மாறும். பாடநூல் இலவசமாகத் தொடர்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. சீருடைச் செலவைப் பெற்றோரிடம் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டால் புளி, கிழங்கு விற்கும் காசிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் தெரியவந்தால் கடன் வாங்குகிறார்கள், அல்லது பிள்ளையைப் பத்து நாள் வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பத்து நாள் நின்ற பிள்ளை பிறகு போகத் தயங்குகிறது.

பெண் பிள்ளைகள்

எட்டு, ஒன்பதாம் வகுப்புக் காலத்தில்தான் பெரும்பாலான பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். அதன் பிறகு வீட்டின் பேச்சே மாறிவிடுகிறது. பாட்டி, "பஸ்ஸில் கண்டவனும் இடிப்பான், எதற்கு?" என்பார். அந்தப் பயத்தை நான் ஒருபோதும் தள்ளிப் பேசுவதில்லை, அதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பதில் துணை. ஒரே ஊரிலிருந்து நான்கைந்து பெண்கள் ஒன்றாகப் போய் ஒன்றாக வர வேண்டும், பஸ்ஸில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒருத்தி வராத நாளில் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குழுவை எட்டாம் வகுப்பிலேயே, மாணவிகளின் அம்மாக்களை ஒன்றாக உட்காரவைத்து அமைத்துவிடுகிறோம். அம்மாக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பிறகு, ஒரு வீட்டில் "போதும், நிறுத்திவிடலாம்" என்று பேச்சு எழுந்தால், எனக்கு முன்பே பக்கத்து வீட்டு அம்மா போய்ப் பேசிவிடுகிறார்.

இன்னொன்றும் கட்டாயம் செய்கிறோம். பிப்ரவரி வாக்கில் எட்டாம் வகுப்பு முழுவதையும், அனுமதி பெற்று, போகப்போகும் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துப் போகிறோம். அம்மாக்களில் சிலரும் வருவார்கள். ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் பார்த்தாலும், அம்மாக்களும் மாணவிகளும் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்கள். இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாதத்தில் மூன்று நான்கு நாள் வீட்டில் நின்றுவிடும் பெண், கணக்கில் தொடர்ச்சியை இழக்கிறாள். பிறகு பள்ளியையே இழக்கிறாள்.

எங்கள் மாவட்டத்தில் பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் செய்து வைப்பது இன்னும் நின்றுபோகவில்லை. பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் முதலில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து தினமும் சீருடையில் போய்வரும் பெண்ணின் மீது அந்தப் பேச்சு அவ்வளவு எளிதில் வருவதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு மாணவியின் நோட்டிலும் எழுதச் சொல்கிறேன். அது எதற்கான எண் என்பதையும், தோழிக்காகவும் அழைக்கலாம் என்பதையும் சொல்லித் தருகிறேன். அதோடு, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது என்பதை அப்பாக்களிடம் சொல்கிறேன். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பணம் பெறும் எங்கள் ஊர்ப் பெண்களையே அழைத்துவந்து பேசவைத்தால், நான் சொல்வதைவிட நன்றாக எடுபடுகிறது.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு இழுப்பு. பதினான்கு வயதுப் பையன், பெங்களூரிலிருந்து புதுப் போனோடு வரும் பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்க்கிறான். அவனிடம் "நன்றாகப் படித்தால் கலெக்டர் ஆகலாம்" என்று சொல்வதில் பயனில்லை. அவன் நம்பும் தொலைவில் உள்ளதைப் பேச வேண்டும். காவலர் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பாலிடெக்னிக்குக்கும் பத்து வேண்டும். ஐ.டி.ஐ.யில் வெல்டர், கம்பியாள் (வயர்மேன்) போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்போடு சேரலாம், ஆனால் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படிக்கப் பத்து முடித்திருக்க வேண்டும். இன்னும் இரண்டே ஆண்டு பொறுத்தால் எத்தனை வாசல்கள் திறக்கின்றன என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பையன்கள் கவனிக்கிறார்கள். படிப்பே ஓடவில்லை, கையால் செய்வதில்தான் விருப்பம் என்று சொல்பவனுக்கு எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ. நல்ல வழிதான். சித்தாள் வேலைக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அதைத் தாழ்வாகப் பேசக் கூடாது.

எந்தப் பள்ளி, எந்த வழி

சில பெற்றோர் இந்த நேரத்தில் கடன் வாங்கியாவது தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் மூன்று செய்திகளைச் சொல்வேன். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும், ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம். இரண்டாவது, புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன், மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. எட்டு வரை அரசுப் பள்ளியில் இருந்துவிட்டு ஒன்பதில் தனியார் பள்ளிக்குப் போனால் இவை எல்லாம் கைவிட்டுப் போகும். மாறாக, கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் இவற்றுக்குத் தகுதி உண்டு. மூன்றாவது, தமிழ் வழியில் எட்டு ஆண்டு படித்த பிள்ளையை ஒன்பதில் திடீரென்று ஆங்கில வழிக்கு மாற்றுவது. அறிவியலில் நன்றாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு அந்த மாற்றம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் வலுப்படுத்தலாம்.

பெற்றோர் சூளைக்கோ குடகுக் காபித் தோட்டத்துக்கோ போய்விடும் வீடுகளுக்கு விடுதிதான் சரியான வழி. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர். உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் வீட்டிலிருந்து பள்ளி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி இல்லை, அருகில் இருந்தாலும் சேரலாம். விண்ணப்பிக்கும் முன் பிள்ளையோடு விடுதியைப் போய்ப் பாருங்கள். காப்பாளரைச் சந்தியுங்கள். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

காகிதங்கள்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதில் சறுக்கினால் பிள்ளை பல ஆண்டு அலைய நேரும். மாற்றுச் சான்றிதழை இப்போது எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரத் தளத்தின் வழியாகத் தருகிறோம். எங்கள் பள்ளி பிள்ளையின் பதிவை விடுவித்த பிறகு, புதுப் பள்ளி அந்த எமிஸ் எண்ணை வைத்துத் தன் பட்டியலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்துவிட்டோம் என்று நினைத்திருக்கும் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறாமல் கிடப்பது உண்டு. "எமிஸில் ஏற்றிவிட்டீர்களா சார்?" என்று ஜூன் மாதமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேடு, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, முதலெழுத்து எல்லாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர்தான் வரும், அச்சாகிவிட்ட பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். எட்டாம் வகுப்பில், எங்கள் கையில் பதிவேடு இருக்கும்போதே பாருங்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிக்க வேண்டும். அது ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பில் வரும். சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் கோடை விடுமுறைக்குள் வாங்கிவிட்டால் ஜூன் நெரிசலில் நிற்க வேண்டாம். பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். உதவித்தொகை எல்லாம் அதில்தான் வரும்.

உதவித்தொகையில் முக்கியமானது என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழித் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனில் 90 கேள்விகள், பாடங்களில் 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதுக்குப் போகும் பஸ், சீருடை, நோட்டுச் செலவுகளுக்கு அந்தத் தொகை தாராளமாகப் போதும். பணத்தைப் பெற ஒன்பதில் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிய வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பள்ளி மாறும் குழப்பத்தில் தேர்வான பிள்ளையே பதியாமல் விட்டுவிடுவது நடக்கிறது. அதனால் தேர்வானவர்களின் பட்டியலைப் புதுப் பள்ளியின் கையில் நேரடியாகக் கொடுத்துவிடுகிறோம். ஒன்பது படிக்கும்போது கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிறார்கள். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும், எழுதிப் பழகுவது நல்லது.

கணக்கு

நான் கணக்கு டீச்சர் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் கண மொழி, மெய்யெண்கள், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், நிகழ்தகவு என்று புதுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் தடுக்கி விழும் இடம் அந்தப் புதிய பகுதிகள் அல்ல. குறை எண்ணிலிருந்து குறை எண்ணைக் கழிப்பது, பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவது, சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றும்போது குறி மாறுவது, ஒரு கணக்கைத் தமிழில் படித்து எது தெரிந்தது, எது தெரியாதது என்று பிரிப்பது ஆகிய நான்கில்தான் விழுகிறார்கள். இவை ஆறு, ஏழாம் வகுப்புப் பாடங்கள். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு இவற்றுக்குத் திரும்பிப் போக நேரம் இருக்காது, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு அவர் கண்முன் நிற்கும்.

அதனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இந்த நான்குக்கு மட்டும் ஒதுக்குகிறேன். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு. தவறாகப் போட்டவர், போட்ட முறையைப் பலகையில் எழுதி வாயால் விளக்க வேண்டும். விளக்கும்போதே பாதிப் பேர் தங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோடையில் வீட்டில் செய்ய விரும்பும் பெற்றோருக்கும் இதையேதான் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புக்கு முன்கூட்டியே டியூஷன் வைத்து முக்கோணவியல் படிக்கவைக்க வேண்டாம். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பின்னங்களையும் முழுக்களையும் போடச் சொல்லுங்கள். தமிழில், நாளிதழில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, பார்க்காமல் ஐந்து வரி எழுதட்டும். ஒன்பதில் அறிவியலும் சமூக அறிவியலும் நீண்ட விடைகளைக் கேட்கின்றன. நோட்ஸை மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளை அங்கே திணறுகிறது.

ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதிப் புதுப் பள்ளியின் வகுப்பாசிரியருக்குக் கொடுக்கிறேன். மதிப்பெண் அதில் இருக்காது. "கரும்பலகை தெரியாது, முன்னால் உட்காரவைக்கவும்." "பாட்டி வீட்டில் வளர்கிறாள், கூட்டத்துக்குப் பாட்டியை அழைக்கவும்." "எழுதுவது மெதுவாக, வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான்." எழுதியதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை நீக்கிவிட்டே கொடுப்பேன். அந்த ஆசிரியர்கள் அறுபது புதிய முகங்களோடு தொடங்குகிறார்கள். இந்தக் குறிப்புகள் தங்களுக்கு உதவுவதாக அவர்களே சொல்லி, பக்கத்து நடுநிலைப் பள்ளிகளிடமும் கேட்டு வாங்குகிறார்கள்.

சேர்ந்த பிறகு

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பிள்ளைகள் எங்கள் கண்காணிப்பில்தான் இருக்கிறார்கள். மேல் வகுப்பில் படிக்கும் எங்கள் ஊர் அக்கா அல்லது அண்ணன் ஒருவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாகச் சேர்த்துவிடுகிறோம். யார் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்பது அவர்கள் மூலம் தெரிந்துவிடும். காலையில் வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளையை அடிக்க வேண்டாம், உடனே டியூஷனும் வைக்க வேண்டாம். மாலையில் சாப்பாடு போடும்போது, "இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "யாரோடும் இல்லை" என்று தொடர்ந்து பதில் வந்தால் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்த கண்டம் காலாண்டுத் தேர்வு. எங்களிடம் எண்பது வாங்கிய பிள்ளை அங்கே நாற்பது வாங்கி வரலாம். இதை ஜூனிலேயே பெற்றோரிடம் சொல்லிவைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் "இதற்குத்தான் இவ்வளவு தூரம் போகிறாயா?" என்ற ஒரு சொல்லில் பிள்ளை உடைந்துபோகிறது. காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் போனது என்று மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள். அரையாண்டுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் சிலர் பழைய நோட்டோடு எங்கள் பள்ளிக்கே வருகிறார்கள், உட்காரவைத்துச் சொல்லித் தருகிறேன்.

எல்லா முயற்சிக்கும் பிறகும் ஓரிருவர் சேராமல் போவது உண்டு. ஓராண்டு, பெங்களூரில் ஓர் உணவகத்துக்கு வேலைக்குப் போய்விட்ட பையனின் அம்மா ஜூலை கடைசியில் பள்ளிக்கு வந்து, "இனிமேல் சேர்த்துக்கொள்வார்களா டீச்சர்?" என்று கேட்டார். அன்றைக்கே உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசினோம். மறுவாரம் பையன் திரும்பி வந்து சேர்ந்துகொண்டான். விடுபட்ட பாடங்களுக்கு நோட்டுக் கொடுத்தது அவனோடு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவன். திரும்பி வந்த பையன் இப்போது பத்தாம் வகுப்பு. எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்கிறான். உங்கள் ஊரில் இப்படி நின்றுபோன பிள்ளை இருந்தால், தாமதமாகிவிட்டது என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாமல், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். சேர்க்கை, சான்றிதழ், உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணை அழைத்தும் கேட்கலாம்.